இரண்டு டிஸ்க்கில் பரவிய ரூட் ஃபைல்சிஸ்டத்திலிருந்து (இயங்குதளம் இருக்கும் இடம்) பூட் செய்ய முடியுமா? அதில் ஒரு டிஸ்க் போனால் என்ன ஆகும்?

முடியும். என் வீட்டுக் கணினியில் டெபியன் லினக்ஸ் அப்படித்தான் ஓடுகிறது: இரண்டு எஸ்எஸ்டி, பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) ஃபைல்சிஸ்டத்தின் ரெய்டு 1, அதாவது எல்லாவற்றுக்கும் இரண்டு டிஸ்க்கிலும் ஒவ்வொரு நகல். ஆனால் ஒரு டிஸ்க் போனாலும் மெஷின் தானாக எழுந்துவிடும் என்று நம்பி இதைச் செய்யாதீர்கள்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு ரூட் என்று நாம் கொடுப்பது ஒரே ஒரு முகவரி. இரண்டு டிஸ்க்குக்கும் யூயூஐடி என்ற அடையாள எண் ஒன்றுதான் என்றாலும், இன்னொரு டிஸ்க் எங்கே என்று கர்னல் தேடிப் போகாது. ‘பிடிஆர்எஃப்எஸ் டிவைஸ் ஸ்கேன்’ கட்டளை ஓடி எல்லா டிஸ்க்கையும் அதற்குக் காட்டிய பிறகுதான் ஃபைல்சிஸ்டம் மவுண்ட் ஆகும், அதாவது பயன்பாட்டுக்கு வரும். ரூட்டே வராதபோது அந்தக் கட்டளை எங்கிருந்து ஓடும்? அதற்குத்தான் இனிட்ராம்எஃப்எஸ், ரூட் வரும்முன் மெமரியில் ஓடும் சிறு தற்காலிக சிஸ்டம். டெபியனில் பிடிஆர்எஃப்எஸ் கருவிகளின் பேக்கேஜை நிறுவினாலே அந்த ஸ்கேன் அதில் சேர்ந்துவிடும். டிஸ்க் பெயர்களைக் கர்னல் வரியிலேயே எழுதும் வழியும் உண்டு. எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் இடம் மாறும் பெயர்கள் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

போன வருடம் தூசி தட்டக் கேபினெட்டைத் திறந்தபோது ஒரு சாட்டா கேபிள் தளர்ந்துவிட்டது. பூட்லோடரான கிரப் வந்தது, அப்புறம் ‘ஓப்பன் சிட்ரீ ஃபெயில்டு’ என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லிலேயே நின்றுவிட்டது. டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்து, கிரப்பில் ‘இ’ அழுத்தி, லினக்ஸ் வரியின் கடைசியில் ‘ரூட்ஃபிளாக்ஸ்=டிகிரேடட்’ (rootflags=degraded; ஒரு டிஸ்க் இல்லாமலே மவுண்ட் செய் என்று பொருள்) சேர்த்தேன். மெஷின் எழுந்தது, ஆனால் அதற்கப்புறம் எழுதியதெல்லாம் ஒரே டிஸ்க்கில். கேபிளை மாட்டியதும் ‘ஸ்க்ரப்’ ஓட்டிப் பழைய நகலைச் சரிசெய்து, ஒற்றை நகலாக எழுதப்பட்டவற்றை ‘பேலன்ஸ்’ மூலம் மறுபடி ரெய்டு 1 ஆக்கினேன். அதனால் சொல்கிறேன், முதலில் பவரை நிறுத்திக் கேபிளைப் பாருங்கள்.

டிகிரேடட் என்பதை நிரந்தரமாக எழுதி வைக்கவே வேண்டாம். ஒரு டிஸ்க் கொஞ்சம் தாமதமாக விழித்தால்கூட அது இல்லாமலே மவுண்ட் ஆகி, இரண்டு நகலும் வேறு வேறாகப் போய்விடலாம். ஃபெடோரா லினக்ஸ் போல இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிப்பது) ஓடும் இடங்களில் இன்னொரு தொல்லை: டிகிரேடட் கொடுத்தாலும் எல்லா டிஸ்க்கும் வரட்டும் என்று காத்திருந்து நின்றுவிடும். லைவ் பென்டிரைவ் ஒன்று கையில் இருக்கட்டும்.

பலர் மறப்பது பூட்லோடர் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன். அது ஃபேட் என்ற வேறு ஃபைல்சிஸ்டம் என்பதால் பிடிஆர்எஃப்எஸ் அதற்கு நகல் எடுக்காது. இரண்டு டிஸ்க்கிலும் தனித்தனியாக ஒன்று உருவாக்கி, இரண்டிலும் கிரப்பை நிறுவுங்கள். நிறுவியதும் முதல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். கிரப் வந்து, இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் நின்றால் சரி. மவுண்ட் ஆகாததால் எதுவும் எழுதப்பட்டிருக்காது. நிறுத்தி, பழையபடி மாட்டிக்கொள்ளலாம்.