மே மாதத்துப் புல்

(வாசகர் கேட்கிறார்கள், ஆயர் எழுதுகிறார்)

போன இதழில், ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்று தொடங்குகிற தாவீதின் 23-ஆம் சங்கீதத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஒடுகத்தூர் பக்கம் எங்கள் சித்தப்பா செம்மறி மேய்த்ததையும், பள்ளிக்கூட விடுமுறையில் நான் தூக்குவாளியோடு அவர் பின்னால் அலைந்ததையும் அதில் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான். இந்த மாதத் தபாலில் ஆடு, மேய்ப்பர், கோல், தடி தவிர வேறு பேச்சே இல்லை. சரி, அப்படியே ஆகட்டும். வழக்கம்போல ஊர்ப் பெயரை மட்டும் போட்டு, ஆட்களின் பெயரை விட்டுவிட்டேன்.

ஆயர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். கம்மலும் செயினும் அடகில் இருக்கின்றன, மகளிர் குழுக் கடன் தனி. காலை ஜெபத்தில் ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்று சொல்லும்போது ஒன்பது வயது மகள் என் முகத்தையே பார்க்கிறாள். பிள்ளைக்குப் பொய் சொல்லிக்கொடுக்கிறேனா ஐயா?
– வாசகி, காட்பாடி

இல்லை அம்மா. ஆனால் உங்கள் மகள் பார்க்கிற பார்வை சரியான பார்வைதான். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டும்.

முதலில் நம் வீட்டுக் காலண்டர் படத்தைக் கழற்றி வைப்போம். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, நடுவில் தெளிந்த ஓடை, சலவைக்குப் போட்டெடுத்த மாதிரி வெள்ளை ஆடுகள். சங்கீதம் பிறந்த யூதேயா மலைநாடு அப்படிப்பட்ட இடம் அல்ல. அங்கே மழை ஐப்பசியில் தொடங்கினால் பங்குனியோடு சரி. பெத்லகேமைத் தாண்டிக் கிழக்கே, சவக்கடலை நோக்கி இறங்க இறங்க அந்த மழையும் குறைந்துவிடும். மழைக்காலத்தை ஒட்டிச் சில வாரம் சரிவுகளில் புல் தலைகாட்டும். அப்புறம் வெயில் வந்து எல்லாவற்றையும் தீய்த்துவிடும். ‘புல்லுள்ள இடங்களில் மேய்த்து’ என்று பாடினவன் அந்த மண்ணில் மேய்த்தவன். புல்லுள்ள இடம் எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அங்கே மேய்ப்பனுக்கு வேலை.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியக் கஷ்டமில்லை. மே மாதம் காட்பாடியிலிருந்து பாலத்தைத் தாண்டி வேலூருக்குப் போகிறவர்கள் பாலாற்றையா பார்க்கிறார்கள்? மணலைத்தான் பார்க்கிறார்கள். அந்த மாதத்தில் சித்தப்பா மந்தையை ஒரே இடத்தில் நிறுத்தவே மாட்டார். காலையில் வற்றிப்போன ஏரிக்குள் காய்ந்த கோரை. வெயில் ஏறினதும் கருவேல மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் நெற்று. மத்தியானம் தொரட்டியால் வளைத்துப் போட்ட வேப்பந்தழை. சாயங்காலம், கிணற்றில் தண்ணீர் மிச்சமிருக்கிற யாரோ ஒரு புண்ணியவான் நிலத்து வரப்பில் கையகலப் பச்சை. தண்ணீருக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவார். ஆடுகள் பட்டினியாகப் படுத்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் நாளைக்கு மேயப்போகிற புல் எங்கே இருக்கிறது என்று எந்த ஆட்டுக்கும் தெரியாது. அது சித்தப்பாவுக்கு மட்டும்தான் தெரியும், சில நாள் அவருக்கும் காலையில்தான் தெரியவரும்.

‘தாழ்ச்சியடையேன்’ என்று சொல்கிற அதே பாட்டில்தான் கொஞ்ச தூரம் போனால் மரண இருளின் பள்ளத்தாக்கும் சத்துருக்களும் வருகின்றன. கஷ்டம் தெரியாதவன் பாடின பாட்டாக இருந்தால் அவற்றுக்கு அங்கே என்ன வேலை? சிங்கமும் கரடியும் வந்து மந்தையில் ஆட்டைக் கவ்விக்கொண்டு போனதைத் தாவீதே சவுல் ராஜாவிடம் சொல்கிறான் (1 சாமுவேல் 17). ஆகையால் உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: “கையில் எல்லாம் இருக்கிறது என்று அம்மா சொல்லவில்லை கண்ணு. நம்மை மேய்க்கிறவர் நம்மை விட்டுப் போகவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.” ஒன்பது வயதுக்கு இது தாராளமாகப் புரியும்.

இன்னொன்று. ‘ஏதோ பாடம் கற்பிக்கத்தான் ஆண்டவர் இந்த வியாதியைக் கொடுத்தார்’ என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். யோபுவின் நண்பர்களும் அப்படித்தான் கணக்குப் போட்டுப் பேசினார்கள். கடைசியில் ஆண்டவருக்குக் கோபம் வந்தது யோபுமேல் அல்ல, அவர்கள்மேல்தான் (யோபு 42:7).

ஜெபத்துக்கு உங்களுக்கு நேரமே இல்லை என்றும், சபைப் பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று யாரோ குறை சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குறை சொன்னவர் ஆதியாகமம் 33-ஐ வாசிக்கட்டும். ஏசா தன்னோடு வேகமாக வரச்சொல்லிக் கூப்பிட்டபோது யாக்கோபு மறுத்துவிட்டான். பிள்ளைகள் சின்னவர்கள், ஆடுமாடுகள் குட்டியும் கன்றுமாக இருக்கின்றன, ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், நான் மெதுவாகத்தான் வருவேன் என்றான். மேய்க்கத் தெரிந்தவன் பேச்சு அது. டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை அவளால் முடிகிற வேகத்தில்தான் நடத்தவேண்டும். உங்கள் மேய்ப்பர் அப்படித்தான் நடத்துவார். ஏசாயா 40:11-ஐக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கறவலாடுகளை, அதாவது பாலூட்டுகிற தாயாடுகளை, மெதுவாய் நடத்துகிறவரைப் பற்றிச் சொல்கிற வசனம்.

அப்புறம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. அதில் டயாலிசிஸ் உண்டு. இல்லையென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் போய் விசாரியுங்கள். இன்னொரு நகையை அடகு வைப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

எனக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. இன்சுலின் போடுகிறேன். ஜெபக்கூட்டம் நடத்துகிற சகோதரர் ஒருவர், “மேய்ப்பரை நம்புகிறவனுக்கு ஊசி எதற்கு? முழுசாய் நம்பி நிறுத்து” என்கிறார். மனசு குழம்புகிறது.
– வாசகர், ராணிப்பேட்டை

நிறுத்தாதீர்கள். இந்தப் பதிலை இதற்குமேல் வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை.

வாசிக்கிறவர்களுக்காக ஒரு விஷயம். ஆடு வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் துள்ளுமாரி என்கிற ஆட்டு நோய் தெரியும். கோடை முடிந்து முதல் மழை பெய்ததும் இளம்புல் மளமளவென்று கிளம்பும். காய்ந்து கிடந்த ஆடுகள் அதைக் கண்டதும் பாய்ந்து மேயும். வயிற்றில் ஏற்கெனவே இருக்கிற கிருமி, அந்தத் திடீர்த் தீனியில் பெருகி விஷமாகிவிடும். காலையில் நன்றாக மேய்ந்த குட்டி சாயங்காலம் துள்ளி விழுந்து செத்துக் கிடக்கும். கொழுகொழுவென்று இருக்கிற குட்டிதான் முதலில் போகும். அதனால் சித்தப்பா மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப்போய்த் தடுப்பூசி போட்டுவிடுவார். மழை பெய்த முதல் சில நாள் பச்சையைக் காட்டாமல், காய்ந்த தீனி கொஞ்சம் போட்டு, நேரம் பார்த்துத்தான் அவிழ்த்துவிடுவார். ஆடுகள் பட்டிக்குள் நின்று கத்தும். அவர் அசையமாட்டார். அவர் ஜெபிக்காதவர் இல்லை, முழங்காலில் நின்றால் எழுந்திருக்க நேரமாகும். ஊசி போட்ட ஆட்டுக்கு மேய்ப்பன்மேல் நம்பிக்கை இல்லை என்று யாராவது சொன்னால் அவர் சிரித்திருப்பார்.

வேதத்தில் ஆதாரம் வேண்டுமென்றால் அந்தச் சகோதரரிடம் ஏசாயா 38-ஐக் காட்டுங்கள். சாகக்கிடந்த எசேக்கியா ராஜா சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபிக்கிறான். ஆண்டவர் கேட்டு 15 வருஷம் கூட்டிக்கொடுக்கிறார். ஜெபம் கேட்கப்பட்டாயிற்று. அப்படியிருந்தும் தீர்க்கதரிசி, அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார்.

வேலூருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மருந்துக்கும் விசுவாசத்துக்கும் சண்டை மூட்டுவது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் வைத்தியத்தைத் தொடங்கினதே விசுவாசத்தினால்தான். டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1954-ல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. எத்தனையோ பேர் ஜெபித்தார்கள், கால் திரும்பவில்லை. அந்த அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்து, கைகால் விளங்காமல் போனவர்களை மறுபடி வாழவைக்கிற துறையை இங்கே, ஐடா ஸ்கடர் தொடங்கின கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் உருவாக்கினார். பாகாயத்தில் இருக்கிற மறுவாழ்வு நிலையத்தைப் போய்ப் பாருங்கள். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இயேசு சொன்ன உவமையில் வருகிறதுபோல, காணாமல்போன ஒரு ஆட்டுக்காக 99 ஆடுகளை வனாந்தரத்தில் விட்டுவிட்டுப் போவது புத்திசாலித்தனமா? கல்லூரி நண்பன் கேட்டுச் சிரித்தான். எனக்குப் பதில் தெரியவில்லை.
– மாணவர், குடியாத்தம்

உங்கள் நண்பன் ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் கே.வி.குப்பம் ஆட்டுச்சந்தைக்குப் போய், ஆட்டுக்காரர் யாரிடமாவது இதைக் கேட்கட்டும். மேய்ச்சலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தனியாகப் போவதில்லை. ஒருவர் தேடப்போனால் பக்கத்து மந்தைக்காரர் பார்த்துக்கொள்வார். உவமையிலும் ஆடு கிடைத்ததும் சிநேகிதரையும் அயலகத்தாரையும் கூப்பிட்டுத்தான் சந்தோஷப்படுகிறான்.

ஆனால் லூக்கா 15-இல் அந்த உவமை யாருக்குச் சொல்லப்பட்டது என்று முதல் இரண்டு வசனத்தில் பாருங்கள். பாவிகளோடு சாப்பிடுகிறாரே என்று முறுமுறுத்தவர்களுக்கு. 99-ஐ யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை எப்போதும் 99-இல் நிற்கிறவர்களுக்குத்தான் வருகிறது. காணாமல்போன ஆடு அந்தக் கேள்வியைக் கேட்காது.

‘உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்’ என்று 23-ஆம் சங்கீதத்தில் வருகிறதே, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் கேட்டார்கள்: கோலும் தடியும் அடிக்கத்தானே, அது எப்படித் தேற்றும்?
– ஆசிரியை, ஆற்காடு

அடி வாங்கின பிள்ளைகள் போலிருக்கிறது! ஒன்று, காட்டு மிருகத்தை அடிக்க. இன்னொன்று, நடக்கும்போது ஊன்றவும், வழி தவறுகிற ஆட்டைத் திருப்பவும். லேவியராகமம் 27:32-இல் மூன்றாவது உபயோகமும் இருக்கிறது: ஆடுகள் ஒவ்வொன்றாகக் கோலின்கீழ் நுழைந்து போகும்போது எண்ணுவது. சித்தப்பாவும் சாயங்காலம் பட்டி வாசலில் கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு எண்ணித்தான் உள்ளே விடுவார். எண்ணிக்கை குறைந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்த வாரம் வகுப்பு வாசலில் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பெயர் சொல்லி எண்ணி உள்ளே விடுங்கள். விளக்கம் தேவைப்படாது.

எங்கள் சபையில் கமிட்டித் தேர்தல் முடிந்ததிலிருந்து இரண்டு கட்சி. அப்பா படுத்த படுக்கையாய் மூன்று மாதம் இருந்தார். இந்தக் கட்சிக்காரர்கள் என்று ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை, ஆயர் உட்பட. இவர்களைப் பார்த்தபிறகு பெரிய மேய்ப்பரை எப்படி நம்புவது?
– வாசகர், ஆம்பூர்

உங்கள் கோபம் நியாயமானது. அதைத் தணிக்க நான் வரவில்லை, ஓய்வு பெற்ற ஆயரானாலும்.

எசேக்கியேல் 34-ஐ எடுத்து உரக்க வாசியுங்கள். பலவீனமானதைத் திடப்படுத்தவில்லை, நோய்கொண்டதைக் குணமாக்கவில்லை, காணாமற்போனதைத் தேடவில்லை, தங்களையே மேய்த்துக்கொண்டார்கள் என்று ஆண்டவரே குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். உங்கள் வழக்கில் அவர் எதிர்க்கட்சியில் இல்லை, உங்கள் பக்கம்தான் நிற்கிறார். அதே அதிகாரம் 11-ஆம் வசனத்தில், இவர்கள் செய்யாததை நானே வந்து செய்வேன் என்கிறார். கூலியாள் ஓடிப்போவான் என்று இயேசுவும் யோவான் 10-இல் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆகவே கூலியாளைப் பார்த்தது உங்கள் விசுவாசத்துக்கு விரோதமான அத்தாட்சி இல்லை, முன்கூட்டியே எழுதிவைத்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த மூன்று மாதமும் அப்பாவைப் புரட்டிப் போட்டுக் குளிப்பாட்ட உதவினது பக்கத்து வீட்டு பாய் என்று கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் எழுதியிருக்கவேண்டும். மேய்ப்பர் யாரையெல்லாம் அனுப்புவார் என்பதற்குச் சபைக் கமிட்டியின் கையெழுத்து வேண்டியதில்லை. ரம்ஜானுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். சபையை விட்டுப் போவதா என்ற யோசனையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மனைவி போனபின் தனியாக இருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் பிறகு தூக்கமில்லை. அந்த நேரத்தில் எந்தப் பகுதியை வாசிக்கலாம்?
– வயது 74, வாலாஜா

காக்கிறவர் உறங்கமாட்டார் என்று சொல்கிற 121-ஆம் சங்கீதத்தை எல்லோரும் சொல்லியிருப்பார்கள், அது நல்லதுதான். நான் ஆதியாகமம் 31:38-40-ஐச் சொல்வேன். 20 வருஷம் மேய்த்த கணக்கை யாக்கோபு மாமனாரிடம் கொட்டித் தீர்க்கிறான்: பகலில் வெயில், இரவில் குளிர், தூக்கம் கண்ணுக்குத் தூரம். அதை வாசித்தால் ராத்திரி விழித்திருப்பது மேய்ப்பவனுக்கு உத்தியோகம் என்று தெரியும். அந்த நேரத்தில் விழித்திருக்கிற மற்றவர்களுக்காக ஜெபியுங்கள்: ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயை விரித்திருக்கிறவர்கள், நைட் ஷிப்ட் நர்சுகள், மேலே எழுதியிருக்கிற காட்பாடித் தாய். பட்டியல் நீளமாகவே இருக்கும்.

ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீருக்கு எழுந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது சங்கீதத்துக்கான கேள்வி இல்லை அண்ணா. சர்க்கரையையும் புராஸ்டேட்டையும் பார்த்துவிடுங்கள், இந்த வாரமே. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் காபியும் வேண்டாம்.