மெய்நிகர் சாதனத்தின் தொடக்க நிரலில் இவ்வளவு பிழைச் சோதனைகள் தேவையா?

கேள்வி: லினக்ஸில் ஒரு விர்ட்ஐஓ சாதனத்துக்கு (மெய்நிகர் கணினிக்கு வட்டு, வலையட்டை போன்றவற்றை மென்பொருளாகத் தரும் பொது விதிமுறை விர்ட்ஐஓ) இயக்கி எழுதுகிறேன். மறுமுனையில் இருப்பது வன்பொருள் இல்லை, மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஎமு போன்ற ஒரு மென்பொருள். தேய்ந்துபோகவோ சூடாகிப் பழுதாகவோ அதற்கு வழியில்லை. அப்படியிருக்க, தொடக்கத்தில் ஓடும் புரோப் செயற்கூறில் வரிக்கு வரி சோதனை வைக்கச் சொல்கிறார்களே, ஏன்?

பதில்:

வரிக்கு வரி வேண்டாம். ஆனால் சில இடங்களில் கட்டாயம் வேண்டும். அந்த இடங்கள் எவை என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு கசப்பான அனுபவத்திலிருந்து.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், விர்ட்ஐஓ முறைப்படி இயங்கும் மெய்நிகர் வட்டு ஒன்றுக்கு இயக்கி எழுதினேன். இயக்கியும் சாதனமும் தகவல் பரிமாறிக்கொள்ளும் வரிசைகள் எத்தனை இருக்கின்றன என்று சாதனத்திடம் கேட்பது, அத்தனைக்கும் கேமாலாக் என்ற ஒதுக்கீட்டுச் செயற்கூறு மூலம் நினைவகம் வாங்குவது, பிறகு வரிசைகளை அமைப்பது என்று புரோப் போகும். நினைவகம் கிடைத்ததா என்ற சோதனையையும் மறக்காமல் வைத்திருந்தேன். மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு வாடிக்கையாளர் தாங்களே எழுதிய ஹைப்பர்வைசருக்கு, அதாவது மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளுக்கு, மாறினார்கள். மெய்நிகர் கணினி எழும்போதே இயங்குதளத்தின் மையமான கெர்னல் விழுந்தது. வெற்றுப் பாயின்டரை, அதாவது எதையும் சுட்டாத முகவரியை, தொட்டதாகச் செய்தி. முகவரி பதினாறடிமானத்தில் 10, அதாவது 16.

கெர்னல் விழுந்த பதிவுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இப்படி ஒரு சிறிய முகவரியைப் பார்த்ததும் ஒன்றுதான் தோன்றும்: ஏதோ ஒரு பாயின்டர் வெறுமையாக இருக்கிறது, அதன் கட்டமைப்பில் 16ஆவது பைட்டில் இருக்கும் புலத்தை யாரோ படித்திருக்கிறார்கள். அந்தப் புலத்தைத் தேடியே இரண்டு நாட்கள் போயின. அப்படி ஒரு புலமே இல்லை. வரிசை எண்ணிக்கை பூஜ்யம் என்று சாதனம் சொல்லியிருந்தது. லினக்ஸில் கேமாலாக்கிடம் பூஜ்ய பைட் கேட்டால் வெற்றுப் பாயின்டர் வராது. இதற்கென்றே ஒதுக்கிவைத்த 16 என்ற முகவரி வரும். வெறுமையில்லை என்பதால் என் சோதனை அதைத் தடுக்கவில்லை. இரண்டு வரி தள்ளி, முதல் வரிசையின் அளவைக் கேட்ட இடத்தில் எல்லாம் முடிந்தது.

உங்கள் கேள்விக்கான விடை இதில் இருக்கிறது. அந்தச் சாதனம் பழுதாகவில்லை. பல வரிசைகளைத் தாங்குவேன் என்ற அம்சக்கொடியை அதை எழுதியவர்கள் ஏற்றிவிட்டார்கள். எண்ணிக்கையை நிரப்ப விட்டுவிட்டார்கள். மென்பொருள் தேயாதுதான், ஆனால் அதை எழுதியவர் வேறு, பதிப்பு வேறு, விதிமுறையை அவர் புரிந்துகொண்ட விதமும் வேறு. லினக்ஸின் சொந்த விர்ட்ஐஓ வட்டு இயக்கியைப் பிறகு திறந்து பார்த்தேன். கொடி இருந்து எண்ணிக்கை பூஜ்யமானால் அதைச் சொல்லும் ஒரு செய்தியை எழுதிவிட்டு, தவறான மதிப்பு என்று பொருள்படும் பிழை எண் 22உடன் அது திரும்பிவிடுகிறது. முதலிலேயே அதைப் படித்திருக்க வேண்டும்.

ஆகவே, சாதனத்திடமிருந்து ஒரு எண் உள்ளே வரும் இடத்திலேயே அதைச் சோதியுங்கள். வரிசை எண்ணிக்கை, வரிசையின் அளவு, வட்டின் தொகுதி அளவு, வலையட்டையின் எம்டியூ (ஒரே பொட்டலத்தில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு) எல்லாம் இதில் அடங்கும். அந்த எண்ணை ஒரே ஒரு முறை படித்து உள் மாறியில் வைத்துக்கொண்டு அதையே கடைசிவரை பயன்படுத்துங்கள். சோதிக்க ஒருமுறை, பயன்படுத்த மறுமுறை என்று இரண்டு தடவை படித்தால் நடுவில் மதிப்பு மாறலாம். மெய்நிகர் கணினியைக் காக்கும் ஏஎம்டியின் எஸ்இவி, இன்டெலின் டிடிஎக்ஸ் போன்ற ஏற்பாடுகளில், அதைத் தன்மேல் ஓட்டும் ஓம்பும் கணினியையே நம்பக்கூடாது என்பதுதான் அடிப்படை. அங்கே அந்த மாற்றம் வேண்டுமென்றே செய்யப்பட்டதாகவும் இருக்கலாம்.

தவறான எண் வந்தால் மறுப்பதா, சமாளிப்பதா? லினக்ஸின் விர்ட்ஐஓ வலை இயக்கி இரண்டையும் செய்கிறது. வரிசை ஜோடிகளின் எண்ணிக்கை 1 முதல் 32768 வரை என்ற வரம்புக்குள் இல்லையென்றால் ஒரே ஜோடியுடன் ஓடத் தொடங்குகிறது. எம்டியூ முதல் சோதனையில் சரியாக இருந்து, புரோப்பில் மறுபடி படிக்கும்போது குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போயிருந்தால் புரோப்பையே நிறுத்திவிடுகிறது. என் கருத்தில், இறங்கி நிற்கப் பாதுகாப்பான ஒரு படி இருந்தால் இறங்கலாம். வட்டின் தொகுதி அளவு போன்றவற்றில் ஊகிக்கவே கூடாது, அங்கே பறிபோவது பயனரின் தரவு.

இயக்கியும் சாதனமும் தொடக்கத்தில் உடன்பாட்டுக்கு வரும் விர்ட்ஐஓவின் கைகுலுக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்சங்களைத் தேர்ந்தபின் நிலைப் பதிவேட்டில் 8 என்ற பிட்டை எழுதிவிட்டு, அது நின்றதா என்று திரும்பப் படிக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்தத் தேர்வைச் சாதனம் ஏற்கவில்லை. லினக்ஸில் பொது நிரலே இதைப் பார்த்துக்கொள்கிறது. சொந்தமாக இயங்குதளம் எழுதுபவர்கள்தான் இதை விட்டுவிட்டு, ஏன் சாதனம் பேசவில்லை என்று திணறுகிறார்கள்.

இனி, பலரும் கவனிக்காமல் விடும் பகுதி. சோதனை வைப்பது எளிது; தோற்ற பிறகு வந்த வழியே திரும்புவதுதான் கடினம். வாங்கியதையெல்லாம் வாங்கிய வரிசைக்கு நேரெதிராக விடுவிக்க வேண்டும். நான் மற்றவர்களின் நிரலைப் பார்வையிடும்போது அதிகம் காணும் தவறு இது: நான்காம் படி தோற்கிறது, நிரல் கோட்டூ என்ற தாவல் கட்டளை மூலம் விடுவிக்கும் பகுதிக்குத் தாவுகிறது, ஆனால் பிழை எண்ணை வைத்திருக்கும் மாறியில் மூன்றாம் படியின் வெற்றியான 0 அப்படியே கிடக்கிறது. எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு, வெற்றி என்று புரோப் திரும்புகிறது. சாதனம் தயாராகிவிட்டதாகக் கெர்னல் நம்பிவிடும். பிறகு என்றோ அதை அகற்றும்போது, விடுவித்த நினைவகத்தை மறுபடி தொட்டு, சம்பந்தமே இல்லாத இடத்தில் கணினி விழும். இப்படிப்பட்ட அரைகுறைச் சோதனைக்கு, சோதனையே இல்லாமல் அந்த இடத்திலேயே விழுவது மேல். எங்கே பிழை என்றாவது தெரியும். ஸ்மாட்ச் என்ற நிரல் ஆய்வுக் கருவி இத்தவறைக் கண்டு எச்சரிக்கும், ஓட்டிப் பாருங்கள்.

எதைச் சோதிக்க வேண்டாம்? உங்கள் நிரலோ கெர்னலின் பொது நிரலோ உறுதி தரும் விஷயங்களை. புரோப்புக்கு வரும் சாதனப் பாயின்டர் வெறுமையா என்று பார்ப்பது, அப்படியும் வரலாம் போலிருக்கிறது என்று அடுத்து படிப்பவரை நம்பவைத்துவிடும். மதிப்பு தவறினால் கெர்னலையே நிறுத்திவிடும் சோதனைகளும் வேண்டாம். ஒரு வட்டு சரியில்லை என்பதற்காக முழுக் கணினியும் ஏன் சாக வேண்டும்?

கடைசியாக, எழுதிய சோதனைகளை ஓடவைத்துப் பார்க்க வேண்டும். கியூஎமுவில் வரிசை எண்ணிக்கையைப் பூஜ்யமாகக் கொடுத்தால் அதுவே ஏற்க மறுக்கிறது, அங்கேயும் ஒருவர் கவனமாக இருந்திருக்கிறார். அதனால் அதன் மூலநிரலை எடுத்து, மெய்நிகர் கணினிக்கு எண்ணிக்கையைத் தெரிவிக்கும் இடத்தில் மட்டும் பூஜ்யம் எழுதும்படி மாற்றித் தொகுத்துக்கொண்டேன். நினைவகம் கிடைக்காத நிலைக்கு, கெர்னலில் உள்ள ஃபெயில்ஸ்லாப் என்ற பிழை புகுத்தும் வசதி போதும். புரோப்பின் ஒவ்வொரு படியும் ஒருமுறை தோற்கும்படி ஓட்டினேன். பூஜ்யச் சோதனை சரியாக வேலை செய்தது. ஆனால் நான் பெருமையாக எழுதிவைத்திருந்த விடுவிக்கும் பகுதியில், அன்று மாலைக்குள் இரண்டு நினைவகக் கசிவுகள் அகப்பட்டன.