மஞ்சள் நிறத்தில் ஒரு சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்ய ஓவியர் எல் லிசிட்ஸ்கி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவர் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் வந்த குழந்தை நூல்களுக்குப் படம் வரைந்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். சதுரமும் வட்டமுமாக வரைந்த அந்த நவீன ஓவியர் ஆட்டுக்குட்டியும் பூனையும் வரைந்தது வயிற்றுப்பாட்டுக்காகவா? ஓவியர் மார்க் ஷகாலும் அப்படி வரைந்திருக்கிறாராமே?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

ஒரே வரியில் நகர்ந்தது என் பிழைதான். அந்தப் படங்கள் அவருக்குப் பக்கத்தொழில் அல்ல. அவர் புத்தகம் செய்யக் கற்றுக்கொண்டதே அங்கேதான் என்று நினைக்கிறேன்.

1915இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, எபிரேய எழுத்தில் அச்சிடுவதை ரஷ்யப் பேரரசர் ஜாரின் அரசு தடுத்தது. இத்திஷுக்கும் அதே எழுத்துதான். 1917 புரட்சியோடு தடை நீங்கியது. 1918 ஜனவரியில் கீவ் நகரில் குல்தூர் லிகே என்ற இத்திஷ் பண்பாட்டுக் கழகம் தொடங்கியது. பள்ளிகள் திறந்தார்கள், பதிப்பகம் நடத்தினார்கள். தாய்மொழியில் படிக்க வந்த பிள்ளைகள் கையில் கொடுக்கப் புத்தகம் வேண்டுமே! லிசிட்ஸ்கி, ரீபாக், சாய்கோவ் எல்லோரும் இளம் ஓவியர்கள்; அந்த வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். நீங்கள் கேட்ட ஷகால், 1917இலேயே இத்திஷ் எழுத்தாளர் டெர் நிஸ்டரின் சேவல் கதைக்கும் ஆட்டுக்குட்டிக் கதைக்கும் வரைந்துவிட்டார்.

இவர்களுக்கு முன்மாதிரி பாரிஸில் மட்டும் இருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் லிசிட்ஸ்கியும் ரீபாக்கும் தினீப்பர் ஆற்றங்கரை ஊர்களில் பழைய யூதத் தொழுகைக்கூடங்களைத் தேடிப் போனார்கள். மொகிலெவில் ஒரு மரக்கூடத்தின் கூரை முழுக்க 18ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர் ஒருவர் வரைந்த விலங்குகள். லிசிட்ஸ்கி அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்தார். அந்தக் கூடம் இன்று இல்லை.

இனி ஆட்டுக்குட்டிக்கு வருகிறேன். 'ஹத் கத்யா' (ஓர் ஆட்டுக்குட்டி என்று பொருள்) யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்தின் முடிவில் பாடும் பாட்டு. அப்பா இரண்டு காசுக்கு வாங்கிய குட்டியைப் பூனை தின்கிறது, பூனையை நாய் கடிக்கிறது, நாயைத் தடி அடிக்கிறது, தடியை நெருப்பு எரிக்கிறது. இப்படியே நீண்டு, கடைசியில் மரணதூதனையே கடவுள் வீழ்த்துகிறார். 1919இல் கீவில் லிசிட்ஸ்கியின் படங்களுடன் இதை 75 பிரதிகள் மட்டுமே அச்சிட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மேலே வளைவு போல இத்திஷ் வரி ஓடும். குட்டி மஞ்சள், மேல் வரியில் குட்டியைக் குறிக்கும் சொல்லும் மஞ்சள். அப்பாவின் முகம் பச்சை. அப்பா என்ற சொல்லும் பச்சை. எழுத்து தெரியாத பிள்ளைகூட நிறத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லைக் கண்டுபிடித்துவிடும். சொல்லும் படமும் ஒரே பொருளால் ஆனவை என்பதை இவ்வளவு எளிதாகச் செய்துகாட்டிய பக்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடைசிப் படத்தில் மரணதூதன் கிரீடத்தோடு விழுந்து கிடக்கிறான். அவன் ஜார்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நானும் ஏற்கிறேன். ஆனால் பிள்ளைக்கு அங்கே தெரிவது செத்துப்போன சாவு. எனக்கு அதுதான் பெரிது.

அதே 1919இல் ஷகால் அழைத்து வித்தெப்ஸ்க் நகருக்குப் போனார் லிசிட்ஸ்கி. அங்கே வெறும் வடிவங்களை வரைந்த ஓவியர் மாலேவிச்சின் பக்கம் சாய்ந்து, நீங்கள் சொல்லும் சதுரங்களுக்கு வந்தார். வந்தவர் என்ன செய்தார்? இரண்டு சதுரங்களை வைத்து ஒரு கதை செய்து, 1922இல் பெர்லினில் அச்சிட்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் என்று காணிக்கையாக்கினார்.

இந்தப் பிள்ளைகளுக்காக எழுதியவர்களின் முடிவைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. டெர் நிஸ்டர் 1950இல் ஸ்டாலினின் முகாமில் இறந்தார். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த பாடல்களின் கவிஞர் லெய்ப் க்விட்கோவை 1952 ஆகஸ்ட் 12 அன்று மாஸ்கோவில் சுட்டுக் கொன்றார்கள்.

ஹத் கத்யாவின் பக்கங்கள் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. வலமிருந்து இடமாகப் பாருங்கள். எழுத்து தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். முதல் படத்தில் மஞ்சளைத் தேடுங்கள்.