அமெரிக்க அதிபரின் உத்தரவை நீதிமன்றம் எப்படி ரத்து செய்ய முடியும்?

நிர்வாக அதிகாரம் என்பது, இருக்கும் சட்டங்களைச் செயல்படுத்தும் அதிகாரம். அமெரிக்காவில் அது அதிபரிடம் இருக்கிறது. சட்டம் இயற்றுவது அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் வேலை. அதிபரின் உத்தரவுக்கு அரசியலமைப்பிலோ காங்கிரஸ் இயற்றிய சட்டத்திலோ ஆதாரம் வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் அது செல்லாது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சாவி பெற்றவர், ஒழுகும் குழாயைச் சரிசெய்யலாம். வீட்டை விற்க முடியாது. சாவி கையில் இருப்பதும் உரிமை இருப்பதும் வேறு வேறு.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 1952-இல் வந்த தீர்ப்பு. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரவிருந்ததால், அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசுக் கட்டுப்பாட்டில் எடுக்க உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. இத்தகைய அதிகாரத்தைத் தரும் யோசனையை 1947-இலேயே காங்கிரஸ் பரிசீலித்து, ஏற்காமல் விட்டிருந்தது. போர்க்காலத்திலும் அதிபரிடம் "எந்தச் சட்டப்படி?" என்று கேட்ட துணிவுதான் இந்தத் தீர்ப்பின் பெருமை என்பேன். ட்ரூமனும் உடனே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார்.

1974-இல் அதிபர் நிக்சன் தன் உரையாடல் ஒலிநாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 8-0 என ஒருமனதாகத் தீர்ப்பளித்ததும் இதே வழியில்தான்.

இப்படிப்பட்ட தீர்ப்பு, அதிபரின் கொள்கை தவறு என்று சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, காங்கிரஸ் சட்டம் இயற்றியிருந்தால் ட்ரூமனின் அதே நடவடிக்கை செல்லுபடியாகியிருக்கலாம்.