புது ஆண்கள் பெர்ஃபியூமை அடித்தவுடன் ஏன் வாங்கக் கூடாது?

கடையில் அடித்ததும் வருவது பெர்ஃபியூமின் மேல்மணம் மட்டும். ஆல்கஹாலில் கரைந்திருக்கும் எலுமிச்சை, பெர்கமோட் (ஒருவகை நாரத்தை இனப் பழம்) போன்ற லேசான எண்ணெய்கள் 15 நிமிடத்தில் பெரும்பாலும் பறந்துவிடும். சந்தனம், அகில் கனமானவை. மணிக்கணக்கில் தோலில் நிற்கும். ரசம் மாதிரிதான்: தாளிக்கும்போது கறிவேப்பிலை தூக்கும், வாயில் நிற்பது மிளகும் புளியும்.

முதலில் கடையில் தரும் சோதனை அட்டையில் அடித்து முகருங்கள். பிடித்தால் 15 செ.மீ. தள்ளி மணிக்கட்டில் ஒரே ஒரு அடி, தேய்க்க வேண்டாம். பிறகு ஏர்கோனை விட்டு கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் வெயிலில் அரை மணி நேரம் நடங்கள். பேரங்காடிக் குளிரில் அடங்கியிருந்த இனிப்பு, வியர்வைச் சூட்டில் திகட்டலாம். நம் ஊருக்கு இந்தச் சோதனைதான் முக்கியம்.

காபிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்பது தவறான நம்பிக்கை, வெளிக்காற்றே போதும்.