காசு குறைவு, கேம் திணறுகிறது: முதலில் எந்தப் பாகத்தை மாற்றலாம்?

உங்கள் கணினியில் இருப்பவை: ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, ஒரே குச்சியாக 8 ஜிபி ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க், 1080பி மானிட்டர். புதிய கேம்கள் திணறுகின்றன. எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாகக் கட்டலாமா, கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் ஒன்றிரண்டு பாகம் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்காதீர்கள். ஏறக்குறைய இதே கணினியை நானும் வைத்திருந்தேன். அதன் மதர்போர்டும் கேபினெட்டும் இன்றும் என் மேசையில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எதை வாங்குவதற்கு முன்னும் ஒரு சோதனை செய்யுங்கள். கேம் ஓடும்போதே எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவச மென்பொருள்தான், அதைப் போட்டு, கேமில் வழக்கமாகத் திணறும் இடத்திற்குப் போங்கள். வி-சின்க் (திரையின் வேகத்தோடு கேமைப் பூட்டும் வசதி), பிரேம் வரம்பு (நொடிக்கு எத்தனை படம் என்ற கட்டுப்பாடு) இரண்டையும் அணைத்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்திற்கு மேலேயே நின்றால் மூச்சு வாங்குவது கார்டு. 60, 70 என்று இறங்கி இறங்கி ஏறினால், கார்டு சும்மா காத்திருக்கிறது, ப்ராசஸரோ ரேமோதான் பின்தங்குகிறது. அப்புறம் அதே இடத்தில் ரெசல்யூஷனை, அதாவது திரைப் புள்ளிகளின் எண்ணிக்கையை, 720பிக்கு இறக்கிப் பாருங்கள். ரெசல்யூஷன் சுமை விழுவது கார்டின் மேல். ஒரு பிரேமுக்கு ப்ராசஸர் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் மாறாது. ஆகவே பிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கார்டை மாற்றப் பலன் உண்டு. அசையவே இல்லை என்றால் எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அதே திணறல்தான்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் முதலில் கார்டுதான் வாங்கினேன். சராசரி பிரேம் நன்றாகவே ஏறியது. ஆனால் நகரத்துக்குள் வண்டி ஓட்டும்போது அரை நொடி அரை நொடியாக நின்று நின்று போவது மட்டும் போகவில்லை. 8 ஜிபி ரேம் நிரம்பி, விண்டோஸ் மீதியை ஹார்டு டிஸ்க்கில் தள்ளிக்கொண்டிருந்தது என்று இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

அதனால் உங்களுக்கு முதல் செலவு ரேம் என்பேன். 8 ஜிபி குச்சி இரண்டு சேர்ந்து வரும் டிடிஆர்4 3200 ஜோடியாக வாங்குங்கள். ஒரே குச்சி என்றால் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே ஒரு பாதைதான் வேலை செய்யும், இரண்டு போட்டால் இரண்டும் திறக்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டாக இருந்தால் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4இல் மாட்டுங்கள். மாட்டியதும் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பியை (ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 3200 என்று அச்சிட்ட ரேம் 2133, 2400 போன்ற வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் 2600க்கு அதிகாரப்பூர்வ வரம்பு 2933. பெரும்பாலும் 3200 ஓடும், கணினி நிலையாக இல்லையென்றால் 2933க்கு இறக்கிக்கொள்ளலாம். ரேமை மாற்றியபின் மேலே சொன்ன சோதனையை மறுபடி செய்யுங்கள். திணறலில் பாதி இதோடு போயிருக்கலாம்.

அடுத்தது கார்டு. ஆனால் கார்டுக்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை, பார்க்க வேண்டும். 1050 டிஐ 75 வாட் கார்டு, பல மாடல்களுக்குத் தனி பவர் வயரே வேண்டாம். ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதனால் மோசமான எஸ்எம்பிஎஸ்கூட இத்தனை நாள் குட்டு வெளிப்படாமல் ஓடியிருக்கும். கேபினெட்டைத் திறந்து அதன் லேபிளைப் படியுங்கள். மேலே 500 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டு, 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். ப்ராசஸரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் கணக்கு 216 வாட்தான். 12 வோல்ட் வரிசை இரண்டாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தால் அப்படியே கூட்டிவிடாதீர்கள், இரண்டுக்கும் சேர்த்து மொத்த அளவு தனியாகப் போட்டிருக்கும். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்லும். பாதுகாப்புச் சுற்றுகள் நன்றாக இருக்கின்றனவா என்பதற்கு அது சான்று ஆகாது.

இதில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் புதிய கார்டை மாட்டி ஓட்டினேன். மூன்றாம் வாரம் கேமின் நடுவே பட்டென்று அணைந்தது. போகும்போது ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது, அதிலிருந்த பல வருடக் குடும்பப் படங்களோடு. கார்டு தப்பியது. படங்கள் திரும்ப வரவில்லை. கார்டில் ஒரு படி குறைத்துக்கொண்டாவது நம்பகமான 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். கார்டுக்கான 8 பின் பவர் வயர் இல்லாத பழையதில் மோலெக்ஸ் (பழைய 4 பின்) மாற்று வயர் போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

சரி, எந்தக் கார்டு? 1080பிக்கு என் தேர்வு ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி நினைவகம், 132 வாட், ஒரே ஒரு 8 பின் இணைப்பு. ஆர்டிஎக்ஸ் 3060 கிடைத்தால் 12 ஜிபி வகையாகப் பாருங்கள். அதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு, அதன் நினைவகப் பாதை குறுகலானது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை குறைவாகத் தெரியும், உங்களுக்கு வேண்டாம். கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதையில் அது 4 லேன் மட்டுமே பயன்படுத்தும், உங்கள் பி450 போர்டோ பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0. அதன் 4 ஜிபி நிரம்பிவிட்டால் அந்தக் குறுகிய பாதையில் தரவு வந்துபோவதற்குள் பிரேம் விழுந்துவிடும். பழைய கார்டு வாங்குவதாக இருந்தால் விற்பவர் முன்னிலையிலேயே அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டுப் பாருங்கள். பெயரை மாற்றி எழுதிய போலிக் கார்டுகளும் சந்தையில் உண்டு, கார்டின் உண்மை விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருள் போட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

ப்ராசஸர் கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். ரைசன் 5 5600 உங்கள் ஏஎம்4 சாக்கெட்டிலேயே உட்காரும். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும், கழற்றியபின் நினைவு வந்தால் திரை வராது. கூலரை எடுக்கும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். கூலருக்கு அடியிலுள்ள பேஸ்ட் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை மெதுவாக இடவலமாகத் திருகி எடுங்கள். 5600ஜி என்பதை 5600 என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அதில் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) பாதிதான், தனிக் கார்டு வைத்திருப்பவருக்கு அது நஷ்டம்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி பிரேமை உயர்த்தாது. ஆனால் லோடிங் நேரம் வெகுவாகக் குறையும், சில புதிய கேம்கள் அது வேண்டும் என்றே கேட்கின்றன. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே போதும். வண்ண விளக்கு, கண்ணாடிக் கேபினெட், லிக்விட் கூலர் எதற்கும் இப்போது காசு கொடுக்காதீர்கள்.

முதலில் கேபினெட்டைத் திறந்து, எஸ்எம்பிஎஸ் லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பழையதை வைத்துக்கொள்ளலாமா, மாற்றியே ஆக வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.