சிவப்பு நீலம் தெரியுது, சிவப்பு சிவப்பு நீலம்னா குழப்பம்
அக்கா, உங்க நாலு வயசுப் பொண்ணு சிவப்பு நீலம் சிவப்பு நீலம்னு மணி கோர்க்கிறா, சிவப்பு சிவப்பு நீலம்னு மாத்தினா குழம்பிடுறான்னு எழுதியிருந்தீங்க, கவலைப்படாதீங்க, இந்த வயசுல சகஜம். மாறி மாறி வர்ற வரிசைய புள்ளைங்க 'இப்ப வெச்சது வேணாம், மத்தது'ன்னே முடிச்சிடும், திரும்பி வர்ற துண்டு எதுன்னு பார்க்கவே தேவைப்படாது. அதனால 'சிவப்பு சிவப்பு நீலம்'ங்கிற அந்தத் துண்டைக் காட்டுங்க, குறைஞ்சது மூணு தடவை அடுக்கி, நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு, வாய்விட்டுச் சொல்ல வைங்க. அப்புறம் அதையே தட்டு தட்டு குதின்னு செய்யச் சொல்லுங்க, இதுதான் ரொம்ப முக்கியம், பொருள் மாறினாலும் வரிசை அதேதான்னு அப்பதான் புரியும். டர்பன்லதானே இருக்கீங்க, விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்ல அங்கத்திய ஜூலு மக்களோட மணி மாலைங்களைக் காட்டி 'இதுல எது திரும்பத் திரும்ப வருது'ன்னு கேளுங்க, 'அடுத்து என்ன'ன்னு மட்டும் கேட்டுட்டே இருக்காதீங்க.